எங்கள் கடைச் சோப்பு வாசம்

மார்ச் 4, செவ்வாய்

விடுதிப் போர்வைகளோடு இன்று முழுக்க மல்லுக்கட்டு. சலவை மெஷின் பாதியில் நின்றுவிட்டது. இஸ்திரி அண்ணன் பக்கவாட்டில் ஓர் உதை விட்டார். ஒன்றும் நடக்காத மாதிரி ஓடத் தொடங்கியது. எனக்கும் அப்படி ஒன்று விட ஆள் இருந்தால் தேவலை.

மதியம் தலைமையாசிரியர் கோட்டு வாங்க வந்தார். தம்பிக்குப் பாடம் எடுத்தவர். போகாமல் நின்றுகொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவனுக்குக் குண்டு எங்கேம்மா பட்டது?" என்று கேட்டார். பின்னால் இன்னும் இரண்டு பேர் துணியோடு நின்றிருந்தார்கள்.

"நெஞ்சுல சார்."

நெஞ்சுல! எங்கிருந்து வந்தது அந்தச் சொல்? தட்டுத் தடுமாறாமல், ரசீது கிழித்துக் கொடுப்பது போலச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் தலையசைத்தார். பின்னால் நின்றவள் "ஐயோ" என்று வாயில் கை வைத்தாள்.

உள்ளதை இங்கேயாவது எழுதுகிறேன். ஜனவரியில் வந்த பட்டாள அதிகாரி என்னிடம் சொன்னது சீதபேதி. முகாமில் பரவியது, மருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது, அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்றார். அம்மா அப்போது கண் மருத்துவரிடம் போயிருந்தாள். திரும்பி வந்தவளிடம் "தம்பி போயிட்டான்மா, போர்ல" என்றேன். அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. தெருவும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யா என்று இத்தனை நாள் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று அந்த வேலையும் போயிற்று.

பேதியில் செத்தான் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 11, செவ்வாய்

அவன் மூட்டை வந்தது.

நல்லவேளை, அம்மா சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தாள். கடையில் பிரித்தேன். சவரப் பெட்டி, பெல்ட், இரண்டு பச்சைச் சட்டை, கால்சட்டைகள். துணிகள் அப்படியே இருந்தன. அப்படியே என்றால் அப்படியே. காய்ந்து, விறைத்து. நாற்றம் கடை முழுக்கப் பரவியது.

பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவைத் தாழ் போட்டேன். வெந்நீர், சோப்பு, சோடா, வெளுப்புத்தூள், மறுபடி வெந்நீர். கை தோல் உரிந்துவிட்டது. ஊரார் அழுக்கில் வளர்ந்த உடம்பு இது. பிரசவத் துணி, படுக்கையில் கிடக்கும் கிழவர்களின் துணி, குடிகாரன் வாந்தி எடுத்த துணி, எதற்கும் நான் கதவைச் சாத்தியதில்லை. என் தம்பி துணிக்குச் சாத்தினேன்.

இஸ்திரி அண்ணன் கதவைத் தட்டி, "பாப்பா, நானும் கை குடுக்கட்டா?" என்றார். "உங்க வேலையைப் பாருங்கண்ணே" என்று சீறினேன். பாவம் மனிதர்.

சாயங்காலம் தேய்த்து மடித்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் ஒரு சட்டையை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். "நம்ம சோப்பு வாசம்ல அடிக்குது?" என்றாள்.

"அங்கயும் இதே சோப்புதான் போல. துவைச்சு அனுப்பியிருக்காங்க."

"நல்ல மனுஷங்க," என்றாள் அம்மா. பிறகு சட்டையின் முன்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"அன்னைக்குப் போட்டிருந்தது இது இல்லைம்மா. இது மாத்துச் சட்டை."

மார்ச் 12

சட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள். அதில் அவன் இல்லை, நான்தான் இருக்கிறேன் — நானும் வெளுப்புத்தூளும்.

மார்ச் 20, வியாழன்

தலைமையாசிரியர் மறுபடி வந்தார். பள்ளிக்கூட வாசலில் கண்ணாடிப் பெட்டி செய்கிறார்களாம். அங்கே படித்துப் போரில் இறந்தவர்களின் பொருட்களை வைக்கப் போகிறார்களாம். லாரி ஓட்டுநர் வீட்டிலிருந்து பையனின் தொப்பி வந்துவிட்டதாம். குண்டு துளைத்துக்கொண்டு போன இடம் அப்படியே தெரிகிறதாம். "நடுவுல வைக்கப் போறோம். பசங்களுக்குப் பார்த்தா புரியணும் இல்லையா?"

குண்டு பட்டபோது தம்பி போட்டிருந்த சட்டை கிடைக்குமா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும் விட்டேன். அதற்குள் அவரே, "இல்லேன்னாலும் பரவாயில்லைம்மா. ஒரு போட்டோ குடுங்க, ஓரத்துல வச்சுக்கலாம்" என்றார்.

ஓரத்துல.

அவன் வகுப்பிலும் ஓரத்தில்தான் உட்கார்ந்தான். ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போதும் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். கை எப்போதும் சோப்பு நாற்றம் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். செத்த பிறகும் ஓரம்தானா?

"இருக்கு சார். தர்றேன்," என்றேன்.

ஏன்டி? உனக்கு என்ன பேய் பிடிச்சிருக்கா?

மார்ச் 21

இஸ்திரிப்பெட்டியின் முனை. நன்றாகச் சூடேற்றி, இரண்டாவது சட்டையின் இடப்பக்கப் பைக்கு மேலே வைத்து அழுத்தினேன். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு புகை. ஓட்டை பெரிதாகிவிடக் கூடாதே என்ற கவலைதான் எனக்கு. அதுதான் அசிங்கம். அழுகை வரவில்லை, அளவு சரியாக வரவேண்டுமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யார் துணி கருகுது?" என்று முன்னாலிருந்து அண்ணன் பதறினார். கடையில் அந்த வாசனை வந்தால் யாரோ வாடிக்கையாளர் துணி போயிற்று என்று அர்த்தம்.

"நம்ம துணிதாண்ணே."

"அப்ப சரி," என்றார்.

மார்ச் 23

கொடுத்துவிட்டேன். தலைமையாசிரியர் ஓட்டையைச் சுற்றி விரலால் தடவினார், தொட்டும் தொடாமல். அவர் கண்ணில் தண்ணீர். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 2, புதன்

நெட்டை வந்தான். தம்பி லீவில் வந்தபோதெல்லாம் வாய் ஓயாமல் சொல்வானே, "எங்க நெட்டை, கூடாரத்துல கால் நீட்டினா கால் அடுத்த கூடாரத்துல இருக்கும்" என்று, அந்த நெட்டை. வாசலில் குனிந்து நுழைந்தபோதே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சாப்பாடு போட்டாள். தம்பியின் தட்டில்.

அவன் இரண்டாவது வாய் எடுப்பதற்குள் கேட்டுவிட்டாள். "நீ பக்கத்துல இருந்தியாப்பா? குண்டு பட்டப்போ?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல.

"இருந்தேம்மா."

"ரொம்ப வலிச்சிருக்குமோ?"

"இல்லம்மா. ஒரே நொடி. என்ன ஆச்சுன்னே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஏதாவது சொன்னானா?"

"சொல்ல நேரமே இல்லம்மா."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது போதும். கஷ்டப்படாம போனானே, அது போதும்" என்றாள். ஜனவரிக்குப் பிறகு அவள் முகத்தில் இன்றுதான் கொஞ்சம் உயிர் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு பையனை என் வீட்டுச் சோற்றின் முன் உட்கார வைத்து எனக்காகப் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

அவனைக் கடைக்குக் கூட்டிப்போனேன். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினான்.

தண்ணீரில் ஏதோ. ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். துணிகளை யாரும் தொடவில்லை. கூடாரத்துக்கு வெளியே குச்சியால் தள்ளிவிட்டார்கள். "இவன் மட்டும்தான்க்கா எடுத்துட்டுப் போய் துவைப்பான். திட்டிக்கிட்டேதான் துவைப்பான். 'சோப்பைக் கரைக்கக்கூடத் தெரியல, நீங்கல்லாம் நாட்டைக் காப்பாத்த வந்துட்டீங்க'ம்பான். நாத்தமா இல்லையாடான்னு கேட்டா, 'எங்க கடையில இதைவிட மோசமானதெல்லாம் வரும். எங்கக்கா மூஞ்சியைக்கூடச் சுளிக்க மாட்டா'ம்பான்."

நான் ரசீதுப் புத்தகத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டேன்.

"அப்புறம் அவனுக்கே வந்துடுச்சு. கொஞ்ச நாள் தானே ஊர்ந்து போய்த் துவைச்சுக்கிட்டான். கடைசியில முடியல. நான் எடுத்தேன். 'நீ தொடாதடா, பாழாக்கிடுவே. மூட்டை கட்டி வீட்டுக்கு அனுப்பிடு, அக்கா பாத்துப்பா'ன்னான். அதனாலதான் அப்படியே அனுப்பினோம். தப்பா நினைச்சுக்காதீங்கக்கா."

"தப்பா நினைக்கலப்பா," என்றேன். பின்கட்டுக்குப் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவன் வெளியே எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது.

ஏப்ரல் 3

அக்கா பார்த்துக்கொண்ட லட்சணம் இது. பயந்து பயந்து, திருட்டுத்தனமா, யார் வீட்டுப் பொணத்தையோ மறைக்கிற மாதிரி. அவன் என்னை நினைச்சு அனுப்பியிருக்கான்டா சாமி. என்னை நம்பி அனுப்பியிருக்கான். நான் மூஞ்சியைச் சுளிச்சேன். மூக்கைப் பொத்திக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டுத் துவைச்சேன். அவனுக்குத் தெரியாது. தெரியாமலே போயிட்டான்.

அம்மாவிடம் சொல்லலாம் என்று எழுந்தேன். அவள் பக்கத்து வீட்டு அம்மாளிடம், "ஒரே நொடியாம், வலியே தெரியலையாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிவிட்டேன்.

இப்போது இதை எப்படிப் பிடுங்குவது?

ஏப்ரல் 10, வியாழன்

கண்ணாடிப் பெட்டி திறப்பு. அம்மாவின் பார்வை இன்னும் மங்கல்தான், கிட்டத்தில் போனாலும் சரியாகத் தெரியாது என்ற தைரியத்தில் கூட்டிப்போனேன். சட்டை நடுவில் இருந்தது. லாரி ஓட்டுநர் வீட்டுத் தொப்பியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஓட்டுநர் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலைமையாசிரியர் அம்மாவுக்காகப் பெட்டியைத் திறந்தார். "நீங்க தொட்டுப் பாருங்கம்மா."

அம்மா தொட்டாள். கழுத்துப்பட்டியிலிருந்து இறங்கி வந்த விரல் ஓட்டையின் விளிம்பில் நின்றது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாய் அந்த விளிம்பைப் பிடித்து உருட்டினாள். கரி கொஞ்சம் உதிர்ந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். நாற்பது வருஷம் இஸ்திரி போட்ட கை அது. கண்ணைத்தான் கணக்கில் எடுத்தேன், கையை மறந்துவிட்டேன். மடச்சி.

அங்கே ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கைகூப்பினாள். பாதி வழி வந்த பிறகு, தெருவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இஸ்திரிப்பெட்டி முனையா?"

"ம்."

"சட்டையைச் சுட்டது நீ. அவனைச் சுட்டது யாரு?"

சொன்னேன். நடுத்தெருவில், காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டிருக்கும்போது, எல்லாவற்றையும் சொன்னேன். சீதபேதி. மூட்டை. கதவு. நெட்டை சொன்ன பொய் எனக்காகச் சொன்னது என்று. அம்மா நடையை நிறுத்தவே இல்லை. நான்தான் பின்னால் ஓடி ஓடிப் பேசிக்கொண்டு போனேன்.

வீட்டுக்கு வந்ததும் தலையணைக்கு அடியிலிருந்த சட்டையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 11

பேசவில்லை.

ஏப்ரல் 13

பேசவில்லை. சாப்பாடு போடுகிறாள். தட்டை வைக்கும் சத்தத்திலேயே திட்டு வாங்கியாகிவிட்டது.

இஸ்திரி அண்ணன், "என்ன பாப்பா, ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டார். அவரிடமும் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒரே சட்டைக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நாத்தத்துலயே எனக்குத் தெரியும்மா. என் சின்னம்மா பையனும் அதுலதான் போனான். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார்.

ஏப்ரல் 19, சனி

இன்று காலை அம்மா வாய் திறந்தாள். "அந்த நெட்டையை வரச்சொல்லு."

வந்தான். இந்தத் தடவை அம்மா சாப்பாடு போடவில்லை. எதிரே உட்காரச் சொல்லி, "இப்ப உள்ளதைச் சொல்லு. எதையும் விடாதே" என்றாள். பையன் என்னைப் பார்த்தான். "அவளைப் பாக்காதே, என்னைப் பாத்துச் சொல்லு."

சொன்னான். எத்தனை நாள் கிடந்தான், என்ன குடித்தான், உதடு எப்படி வெடித்திருந்தது, யாரைக் கூப்பிட்டான். ஒரே நொடி இல்லை. எதுவும் ஒரே நொடியில் நடக்கவில்லை. அம்மா இடையில் ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவில்லை. எனக்குத்தான் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

துவைத்த கதை வந்தபோது, "சோப்பை அள்ளிக் கொட்டியிருப்பானே?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. எல்லார் சோப்பையும் தீர்த்துட்டான். அதுக்கே சண்டை வரும்."

அம்மா சிரித்துவிட்டாள். வாய்விட்டு. "கடையிலயும் அப்படித்தான். சொன்னா கேக்க மாட்டான், கழுதை" என்றாள். அப்புறம் அந்தச் சிரிப்பே அழுகையாகி, ஜனவரியில் அழாத அழுகையெல்லாம் இன்று அழுதாள். நான் கிட்டே போனேன். தள்ளிவிடவில்லை.

அவன் போனதும் என்னிடம் சொன்னாள். "அவன் உன்கிட்டதான் துவைக்கக் குடுத்தான். நீ துவைச்சே. கதவைச் சாத்திக்கிட்டுத் துவைச்சியோ, திறந்து வச்சுத் துவைச்சியோ, அது உன் பாடு. அவன் வாசம் எனக்கு இனிமே கிடைக்காது, அதுவும் போகட்டும். ஆனா ஓட்டை போட்டே பாரு. அவன் செத்த சாவு உனக்குப் பத்தல."

சரியாகத்தானே சொன்னாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். சட்டையைத் திருப்பிக் கேட்டேன். அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார் — அவரும்தான்!

கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். "மனசு புரியுதும்மா. ஆனா இதைப் போய் யாராவது வெளியில சொல்லுவாங்களா? பசங்க தினமும் வந்து பாக்கிறாங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். என் வாயிலேருந்து வராது," என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை எழுதவே கை கூசுகிறது. இவ்வளவுக்கும் பிறகும்! "சரி சார், யோசிச்சுச் சொல்றேன்" என்று வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

அம்மா என் கையைத்தான் பார்த்தாள். "எங்கே?"

"இருக்கட்டும்னாரு."

"நீ என்ன சொன்னே?"

நான் வாளியை எடுக்கத் திரும்பினேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 23

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. அம்மா தனியாகவே போனாள். பார்வை சரியில்லை, துணைக்கு வருகிறேன் என்றதற்கு, "வழி எனக்குத் தெரியும்" என்றாள்.

இருட்டும் முன்பே வந்துவிட்டாள், சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு. கடைத்தெரு வழியாகவே நடந்து வந்திருக்கிறாள். பழக்காரி, மருந்துக்கடைக்காரர், ஆட்டோக்காரர்கள், வழியில் "என்னம்மா சட்டையை எடுத்துட்டு வந்துட்டீங்க?" என்று கேட்ட எல்லோரிடமும் நின்று சொல்லியிருக்கிறாள். "என் பையன் பேதியில செத்தான். குண்டு இல்லை. இது எங்க வீட்டு இஸ்திரிப்பெட்டி சுட்டது." பள்ளிக்கூடத்திலும் இதையே சொன்னாளாம். வராந்தாவில் நின்ற ஒரு பையன் பேதி என்றதும் சிரித்துவிட்டானாம். தலைமையாசிரியர் அவனை அடிக்கக் கை ஓங்கினாராம்.

"அடிக்காதீங்கன்னேன். இவனும் அந்த வயசுல சிரிச்சிருப்பான்."

யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லையா என்று கேட்டேன்.

"கேட்டாங்க. எம் பொண்ணுதான்னேன். வேற யாருன்னு சொல்றது?"

இன்று காலை கடையைத் திறக்கக் கால் வரவில்லை. திறந்தேன். பழக்காரி துணி வாங்க வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மீதிச் சில்லறையைக் கையில் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னாள். லாரி ஓட்டுநர் மனைவி எதிர்ப்பக்க நடைபாதையில் போனாள், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏப்ரல் 28

லாரி ஓட்டுநர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு, "சரி" என்றாள். தொப்பி இப்போது நடுவில் இருக்கிறது.

மே 6, செவ்வாய்

வெயில். துணி போட்டதும் காய்கிறது. மெஷின் சமர்த்தாக ஓடுகிறது.

பதினொரு மணிவாக்கில் ஒரு பெண் வந்தாள். புதிது, இந்தப் பக்கம் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. மேசையில் வைக்காமல் இடுப்போடு அணைத்துக்கொண்டு, கடையில் இருந்தவர்கள் போகும்வரை ஓரமாகவே நின்றாள். அப்புறம் கிட்டே வந்து, "வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்கார்... விரிப்புதான். ரெண்டு கடையில வாங்க மாட்டேன்னுட்டாங்க" என்றாள். சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது. "யாரும் பாக்காம ஓரமா வச்சுத் துவைக்க முடியுமாங்க? நான் வேணா இருட்டினப்புறம் வந்து வாங்கிக்கிறேன்."

பையை வாங்கி மேசை மேலேயே பிரித்தேன். நாற்றம் எழுந்தது. அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க இது, எல்லாரும் வர்ற இடத்துல..."

"இருக்கட்டும்மா. என் தம்பிக்கும் இப்படித்தான்," என்றேன். "பட்டாளத்துல இருந்தான். பேதியிலதான் செத்தான்."

அவள் கையை எடுத்தாள். "என்ன வயசு?"

"இருபத்திரண்டு."

உள்ளேயிருந்து அம்மா, "என்ன துணி அது?" என்று குரல் கொடுத்தாள். சொன்னேன். "முதல்ல பச்சைத் தண்ணியில ஊறப்போடு. வெந்நீரை ஊத்தித் தொலைக்காதே, கறை பிடிச்சுக்கும்" என்றாள். அந்தப் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் கணவருக்கு எப்போது தொடங்கியது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.